கிளாராவுக்கு ஒரு பள்ளிக்கூடம்

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

கேட்டது என் மகளிடம். அவள் வாயைத் திறந்தாள். தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"கிளாரா, மேடம்" என்று நானே சொல்லிவிட்டேன்.

கிளாரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். குழாயடியில் தன் முறைக்காக நிற்பவள், இடித்துக்கொண்டு முன்னால் போனவளைப் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை. பிறகு தலையைக் குனிந்து செருப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் ஊசி, மாத்திரை, பிரசவம் என்று என் வேலையைப் பற்றியே எழுதிவந்தேன். "ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி மூச்சுவிடவில்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். கிளாராவிடம் அனுமதி கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "எழுதிக்கோ, ஆனா பொய் எழுதாத" என்றாள். அதனால் நான் செய்த தப்பையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

ஒரு குயர் நோட்டு

செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நான் சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். சனங்களுக்கு நான் "சிஸ்டர்". கிளாராவை ஐந்தாம் வகுப்புவரை ஒரு தனியார் பள்ளியில் படிக்கவைத்தோம். அவளுக்குப் பேச்சு திக்கும். சிறுவயதில் கொஞ்சமாக இருந்தது, நான்காம் வகுப்பில் அதிகமானது. பிள்ளைகள் அவளை "கிக்கிக்கீ" என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் ஒருநாள் வகுப்பில் வாசிக்கச் சொன்ன ஆசிரியரே, "நீ உக்காரு, உன்ன வாசிக்கவிட்டா பீரியடே முடிஞ்சிடும்" என்று சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து கிளாரா பள்ளியில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள். வீட்டில் பேசுவாள், திக்கித் திக்கி, நிறைய. பள்ளிவாசல் தாண்டினால் ஒரு சொல் கிடையாது.

அங்கே இனி வேண்டாம் என்று முடிவு செய்தோம். அரசுப் பள்ளிதான். ஆனால் எந்த அரசுப் பள்ளி?

என் கணவர் ராயப்பன் பஸ் கண்டக்டர். "டவுன்லயே பெரிய பொண்ணுங்க ஸ்கூலு இருக்குது. அங்க சேத்துட்டு வேலையப் பாரு. இதுக்கு இன்னா ஆராய்ச்சி?" என்றார்.

எனக்கு ஆராய்ச்சி தேவைப்பட்டது. ஒரு குயர் நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். பள்ளியின் பெயர், தூரம், பஸ், ஒரு வகுப்பில் எத்தனை பேர், கழிவறை, தண்ணீர், ஆசிரியர் காலியிடம், தேர்ச்சி, சத்துணவு. கடைசிக் கட்டத்துக்கு என்ன தலைப்பு போடுவது என்று தெரியாமல் "பிள்ளை" என்று மட்டும் எழுதினேன்.

குழாயைப் பார்த்தால் பள்ளி தெரியும்

உண்மையைச் சொன்னால் அந்த நோட்டுக்கு முன்பே என் மனசுக்குள் ஒரு பட்டியல் இருந்தது. பதினைந்து வருஷமாகக் குடற்புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறவள் நான். ஒரு பள்ளிக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் குழாயைத்தான் தேடும். குழாயடி காய்ந்திருக்கிறதா, பாசி பிடித்திருக்கிறதா, பிள்ளைகள் கைகழுவ வரிசையில் நிற்கிறார்களா, முண்டியடிக்கிறார்களா, இதிலேயே பாதி தெரிந்துவிடும். பெண்பிள்ளைகளின் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருந்தால் அங்கே அக்கறையுள்ள யாரோ ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் படித்த காலத்தில் இந்த ஒப்பீடெல்லாம் கிடையாது. எங்கள் ஊரில் பள்ளி ஒன்றுதான். கோவிலுக்குப் பின்னால் இரண்டு அறை. நல்ல பள்ளியா என்று என் நைனா யாரையும் கேட்டதில்லை. "ஏரி நல்ல ஏரியான்னு கேட்டுட்டா தண்ணி மொள்றோம்?" என்பார். இருப்பது ஒன்று என்றால் மனசுக்கு நிம்மதிதான். மூன்று இருந்தால் தூக்கம் போய்விடுகிறது.

மூன்று வாசல்கள்

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வாரத்தில் மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். கிளாராவை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது டவுன் பள்ளிக்கு. மேலே எழுதினேனே, அந்த அறை. தலைமையாசிரியை நல்லவர், ஆனால் அவருக்கு நேரமில்லை. நாங்கள் இருந்த கால்மணி நேரத்தில் எட்டுப் பேர் உள்ளே வந்து போனார்கள். ஆய்வகம் இருந்தது, நூலகம் இருந்தது, ஸ்மார்ட் போர்டு இருந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு அறுபதுக்கு மேல். வருகைப்பதிவு எடுக்கும்போது வாசலில் நின்று பார்த்தேன். பெயர் கூப்பிடக் கூப்பிட "உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்" என்று பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டே போனது. அந்த வேகத்தில் என் மகள் எங்கே வாய் திறக்கப்போகிறாள்? "கூட்டம். தொலைந்துபோவாள்" என்று எழுதினேன்.

இரண்டாவது, அனந்தபுரம் போகும் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. என் குழாய்க் கணக்குப்படி அதுதான் முதல் மதிப்பெண். கழிவறையில் தாழ்ப்பாள், பக்கெட், மக் எல்லாம் இருந்தது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி. அங்கே ஒரு சார் கிளாராவை வகுப்புக்குள்ளேயே கூட்டிப்போய், முப்பது பிள்ளைகளுக்கு முன்னால், "புதுசா வரப்போற அக்கா, பேரு சொல்லும்மா" என்றார். அன்பாகத்தான் கேட்டார்.

"மாலா" என்றாள் கிளாரா. திக்காமல், தெளிவாக.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

காற்றில் அவள் குரல் என் காதோரம் வந்தது. "அது வ... வருதும்மா."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஒரு புளியமரத்தடியில் கொஞ்சநேரம் நின்றோம். பக்கத்து வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து, "வண்டி ரிப்பேரா சிஸ்டர்?" என்று சத்தம் போட்டார்கள். ஆமாம் என்றேன்.

மூன்றாவது, மேல்மலையனூர் சாலையில் பிரிந்துபோகும் ஒரு சிறிய கிராமத்தின் நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். எட்டு வகுப்புக்கும் சேர்த்து நாற்பது பிள்ளைகள்கூட இல்லை. ஒரு கட்டடத்துக்கு மட்டும்தான் தளம் நன்றாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி மோட்டார் வேலை செய்யவில்லை. என் நோட்டில் எல்லாக் கட்டத்திலும் பெருக்கல் குறி.

ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை வசந்தி டீச்சர் என்பவர் ஒரே அறையில் பார்த்துக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. ஒரு கையில் சாக்பீஸ், மறுகையில் செல்போன். "ஒரு நிமிஷம் சிஸ்டர், எமிஸ் ஆப்புல வருகை ஏத்தணும், டவர் வரும்போதே ஏத்திடணும்" என்று ஜன்னல் கம்பியோடு போனை ஒட்டிப்பிடித்து நின்றார். ஏற்றி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"உன் பேரு இன்னா கண்ணு?"

கிளாராவின் தாடை இறுகியது. நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க இருங்க சிஸ்டர். அது சொல்லும்" என்றார் டீச்சர். என்னைப் பார்க்கக்கூட இல்லை. கிளாராவையும் உற்றுப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தார், உலகத்தில் எந்த அவசரமும் இல்லாதவர்போல. நோட்டெல்லாம் அடுக்கி முடித்துவிட்டார். மறுபடி கலைத்து அடுக்கினார்.

"கி... கி... கிளாரா."

"கிளாராவா. எழுத்து பெருசா எழுதுவியா, சின்னதா எழுதுவியா?"

"சி... சின்னதா."

"சின்னதுன்னா எனக்குக் கண்ணாடி வேணும். பெருசா எழுது."

அவ்வளவுதான். நோட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு டிக் போட்டேன். மற்ற எல்லாப் பெருக்கல் குறிகளையும் அந்த ஒரு டிக் அடித்துவிட்டது.

"அமாவாசைக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டார் ராயப்பன். "மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டம் ஏத்தினு போற பஸ்ஸு எதுவும் அன்னிக்கி அந்த ஊர்ல நிக்காது. ஸ்பெஷல் பஸ்ஸுகூட ஃபுல்லாதான் வரும். நானே எத்தினி வாட்டி விசில் குடுத்துட்டுப் போயிருக்கறேன்."

"அமாவாசைக்கு நான் வண்டியில கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

இருபது நிமிஷப் பாடம்

ஜூனில் சேர்த்தோம். ஜூலையில் ஒரு நாள் அந்த ஊருக்குத் தடுப்பூசி வேலையாகப் போயிருந்தேன். பள்ளிப் பக்கம் போனால், என் மகள் நின்றுகொண்டு தமிழ்ப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம்தான் இருக்கும். இருபது நிமிஷம் ஆனது. மூன்று வகுப்புப் பிள்ளைகளும் அவளைக் கண்டுகொள்ளவில்லை; ஒருவன் பென்சில் சீவினான், இரண்டு பெண்கள் கணக்குப் போட்டார்கள். டீச்சர் நடுநடுவே "ம்" என்றார். முடித்ததும், "சரி, இரண்டாவது பத்தியில ஒரு வரிய விட்டுட்ட. அத மட்டும் படி" என்றார். நான் சுவருக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஆடி மாதக் கடைசியில் ஆசிரியர்களுக்கு மாறுதல் கவுன்சிலிங் வந்தது. வசந்தி டீச்சரின் கணவர் கடலூரில் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். மூன்று வருஷமாக மாறுதல் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த முறை கிடைத்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபப்பட ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் கோபம் வந்தது. அதை இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. ஒரு மாதம் தலைமையாசிரியரே எட்டு வகுப்பையும் ஓட்டினார். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வுபெறும் மனிதர். கிளாரா மறுபடி பேச்சைக் குறைத்தாள். எனக்கு அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போய் நின்றேன்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்" என்றார் அவர். "ஒரு மாசத்துல போஸ்டிங் போட்டுடுவாங்க. ஒவ்வொரு பிள்ளையா போச்சுன்னா அப்புறம் போஸ்டிங்கே போடமாட்டாங்க."

"ஒரு மாசம்னு எழுத்துல குடுப்பீங்களா சார்?" என்று கேட்டேன்.

அப்படி அவரிடம் கேட்டிருக்கக் கூடாது. அவர் சான்றிதழை எழுதி, முத்திரை வைத்து, ஈரம் காய ஊதி, என் கையில் கொடுத்தார்.

புழுதி மைதானம்

வேறு வழியில்லாமல் டவுன் பள்ளியில் சேர்த்தோம். முதல் வாரம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. "கூட்டத்துல தொலஞ்சிட்டியாடி?" என்று கேட்பேன். தோளைக் குலுக்குவாள்.

இரண்டு மாதம் கழித்து, அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக முன்கூட்டியே அழைத்துவரப் போனேன். மைதானத்தில் இருக்கிறாள் என்றார்கள். நோட்டில் நான் ஒரு கட்டம்கூட ஒதுக்காத மைதானம். வெறும் புழுதி, ஒரு பக்கம் வேப்பமரம், எதிரே பாறை மலை வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. பெண்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி கோட்டைத் தாண்டி எதிரணிக்குள் பாய்ந்தாள். "கபடிகபடிகபடிகபடிகபடி..." குரல் அறுபடவே இல்லை. ஆறு பேர் சுற்றி வளைக்கிறார்கள், இவள் குனிகிறாள், விலகுகிறாள், குரல் மட்டும் ஒரே இழையாக ஓடுகிறது. கேட்ட குரலாக இருக்கிறதே என்று நினைத்தேன். கேட்ட குரல் இல்லை, நான் பெற்ற குரல். ஒரு முழு மூச்சுக்கு அவள் தடையில்லாமல் ஒலித்ததைப் பதினோரு வருஷத்தில் அன்றுதான் கேட்டேன். அப்புறம் ஒருத்தி அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்துக் குப்புறத் தள்ளினாள். அது வேறு விஷயம்.

பி.டி. டீச்சர் குணசுந்தரி விசிலை வாயிலிருந்து எடுத்தார். "நீங்கதான் கிளாரா அம்மாவா? மூச்சு நல்லா புடிக்குது உங்க பொண்ணு. காலுதான் ஸ்லோ."

"அவளுக்குப் பேச்சு திக்குமே மேடம்..."

"திக்குமா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். "அப்படியா? நான் கவனிக்கலையே."

இந்தப் பதிலைப் பல நாள் வைத்து யோசித்திருக்கிறேன். கவனிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய விடுதலை! நான் பயந்த கூட்டம்தான் அவளை மறைத்து, ஒரு சாதாரணப் பிள்ளையாக்கி, ஓடவிட்டிருக்கிறது. ஆனால் அதே கூட்டத்தில், அந்த இரண்டு மாதத்தில், எந்த வகுப்பிலும் யாரும் அவளை எழுப்பி ஒரு வரி வாசிக்கச் சொல்லவில்லை என்பதும் அன்று மாலை விசாரித்தபோது தெரிந்தது. சின்னப் பள்ளியில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். பெரிய பள்ளியில் அவளைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டுமே தேவைப்படும் போலிருக்கிறது. இரண்டும் ஒரே கட்டடத்தில் கிடைப்பதில்லை. வகுப்பாசிரியையிடம் போய், "வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள வாசிக்கச் சொல்லுங்க, டைம் ஆவும், பரவாயில்ல" என்று கேட்டுக்கொண்டேன். கடுகடுப்பானவர் என்று பெயர் எடுத்தவர். சரி என்றார். செய்தும்வருகிறார்.

செல்வி கேட்ட கேள்வி

தை பிறந்த பிறகு, மாத்திரை கொடுக்கும் நாளில் அந்தச் சின்னப் பள்ளிக்குப் போனேன். வசந்தி டீச்சரின் பழைய அறையில் ஒரு இளைஞர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், புதிதாக வேலைக்கு வந்தவர். நாங்கள் போன மூன்றாவது வாரமே வந்துவிட்டாராம். மோட்டாரையும் சரிசெய்திருந்தார்கள். பிள்ளைகள் மட்டும் குறைந்திருந்தார்கள். எங்களைப் பார்த்து இன்னும் நான்கு வீட்டார் டவுனுக்கு மாற்றியிருந்தார்கள். "சிஸ்டரே புள்ளய எடுத்துட்டாங்க" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தலைமையாசிரியர் இதை என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னார்.

வாசலில் செல்வி நின்றிருந்தாள். நூறுநாள் வேலைக்குப் போகிறவள், மண்வெட்டி தோளில். அவளுடைய பிரசவங்கள் இரண்டையும் நான்தான் பார்த்தேன்.

"சிஸ்டர், சின்னவள வர்ற வருசம் ஒண்ணாவது சேக்கணும். எங்க சேத்தா நல்லது?"

"இங்கயே சேரு செல்வி. சார் நல்லா நடத்துறாரு."

"அப்ப உன் பொண்ண எதுக்குக் கூட்டினு போன?"

கேட்டதில் வன்மம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"பயந்துட்டேன்" என்றேன். "டீச்சர் இல்லாம போச்சு. அவ படிப்பு கெட்டுடும்னு பயந்துட்டேன்."

செல்வி தலையாட்டினாள். "உனக்கு வண்டி இருக்குது. பயந்தா வேற ஊருக்குப் போயிடலாம். நான் பயந்தாலும் இங்கதான சேக்கணும்" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு ஏரிப்பக்கம் நடந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோறு வடித்துக்கொண்டே இதையெல்லாம் கிளாராவிடம் சொன்னேன். புது சார், மோட்டார், குறைந்துபோன பிள்ளைகள், செல்வி. அவள் முழங்கால் காயத்தில் மருந்து தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் கழித்து வேறொன்று கேட்டாள்.

"இப்ப யாரும்மா பெ... பெல் அடிக்கிறா?"

"எந்த பெல்லு?"

"அந்த ஸ்கூல்லதான். நான் இ... இருந்தப்ப நான்தான் அடிப்பேன். காலையில, மத்தியானம், வீ... வீட்டு பெல்லு. டீச்சர் எனக்குத்தான் குடுத்தாங்க."

மூன்று மாதத்துக்கும் மேல் என் மகள் ஒரு ஊருக்கே நேரம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது, பள்ளி விடும் நேரமாகப் பார்த்துப் போய் வேலியோரம் வண்டியை நிறுத்தினேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்பிள்ளை, கையில் இரும்புக் கம்பியோடு ஓடிவந்தாள். தண்டவாளத் துண்டு உயரத்தில் தொங்கியது. எட்டவில்லை. குதித்தாள், தப்பியது. மறுபடி குதித்தாள். மணி அடித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "சின்னதா ஒரு பொண்ணுடி. எட்டவே இல்ல. குதிச்சுக் குதிச்சு அடிக்குது."

கிளாரா சிரித்துவிட்டாள். ஏதோ சொல்ல வந்தாள், தாடை இறுகியது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, கழுவிவைத்த தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கி முடித்தும் சொல் வரவில்லை. காத்திருந்தேன்.

"நா... நானும் மொதல்ல கு... குதிச்சுதாம்மா அடிச்சேன்" என்றாள்.